நாசருக்கு எடுத்துப்போன நரம்பு

ஈப்போவில் என் கடைக்குத் தூண்டில் நரம்பு வாங்க வருகிறவர் மலாய்க்காரரோ, சீனரோ, நம்மவரோ, முதலில் கேட்பது ஒன்றுதான். "அறுந்து போகாதே?" என்ன மீன், எந்தத் தண்ணீர், அடியில் கல்லா வேரா என்பதெல்லாம் யாருக்கும் தோன்றாது. அறுந்து போகக்கூடாது, அவ்வளவுதான். நானும் "போகாது" என்று சொல்லி விற்றே பிழைத்தவன்.

நாசர் ஒருவன்தான் வேறு மாதிரி கேட்டான். என் கடைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக்கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவன் அவன். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் அய்யம்பேட்டைக்காரன். முதல்முறை கடைக்குள் வந்தபோது மாவு காயாத கையால் ஒரு நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அறுந்துட்டா அந்த மீன் என்னண்ணே ஆகும்?" என்றான். அப்படி ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் நான் போய்வந்த பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எப்படி எழுதினாலும் நாசர் செத்துப்போனதில்தான் அது போய் முடியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நரம்பைப் பற்றி எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடித்தேன் என்று மார்தட்டுகிறவர்களை எனக்கு ஆகாது. நரம்பு அறுந்தால் அவர்களுக்கு ஒரு மீன்தான் நஷ்டம். மீனோ வாயில் முள்ளோடு, பின்னால் நரம்பை இழுத்துக்கொண்டு போய், எங்காவது வேரில் சிக்கி இரை எடுக்க முடியாமல் சாகும். மீனைவிட நரம்புக்கு பலம் கூடுதலாக இருக்கவேண்டும். பிடித்தால் கரைக்கு வரவேண்டும், வேண்டாமென்றால் முள்ளைக் கழற்றி முழுசாக விடவேண்டும். அடியில் சிக்கிய நரம்பையும் தண்ணீரில் விட்டுவிட்டு வரக்கூடாது. அது மக்காது, கரையாது, அடுத்து வருகிற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் நாசர் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கடை லீவு நாட்களில் இருவரும் மீன் பிடிக்கப் போவோம். எங்கள் பக்கத்தில் ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப்போன பெரிய குட்டைகள் நிறைய. பார்க்க அழகான ஏரி மாதிரி இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு அடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் காணாமல் போவான். நாசருக்கு நீச்சல் அரைகுறை. அதனால் அங்கே அவன் தண்ணீரில் கால்கூட நனைக்கமாட்டான். ஒருமுறை நீர்க்காகம் ஒன்று யாரோ விட்டுப்போன நரம்பில் சிக்கி, மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தது. அன்றைக்கு அவன் மீன் பிடிக்கவே இல்லை. கரை முழுக்க நடந்து கிடந்த நரம்பையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவன் என்னையும் வரச்சொன்னான். திரும்பும்போது இருவரும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. "உனக்கு என்ன எடுத்துட்டு வரட்டும்" என்று கேட்டதற்கு அவன் சட்டை, சென்ட் எதுவும் கேட்கவில்லை. "நல்ல நரம்பா ஒரு சுருள் கொண்டாங்கண்ணே. எங்க ஆத்துல உங்கள உக்காரவச்சு மீன் புடிச்சுக் காட்டணும்" என்றான். கடையில் இருந்ததிலேயே சிறந்த பின்னல் நரம்பை எடுத்தேன். ஒற்றை நரம்பு இழுத்தால் கொஞ்சம் நீளும், கல்லில் தேய்ந்தால் அறும். பின்னல் நரம்பு நீளாது, லேசில் அறாது. நானே தேர்ந்தெடுத்தது.

திருச்சியில் இறங்கிய அன்றே ஈப்போப் பேருந்துகளின் அருமை எனக்குப் புரிந்தது. தஞ்சாவூரைத் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். பக்கத்து வயலில் நடவு இல்லை, தரிசு. கண்டக்டர் ஒரு பெரியவரிடம், "தண்ணி வந்தா நெல்லு, வராட்டி சிங்கப்பூரு. எங்க ஊர்ல இளவட்டம் ஒருத்தன் இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரோட்டில்தான் மணல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தன. எங்கே போகிறது இவ்வளவு மணல் என்று கேட்டேன். "மெட்ராசுக்கு, கேரளாவுக்கு, எல்லா ஊருக்கும்தான். வெளிநாட்டுக் காசுல வீடு கட்டுறாங்கள்ல" என்றார் கண்டக்டர், என் பெட்டியைப் பார்த்தபடி.

கல்யாணம் மறுநாள். நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆட்டுக்கறியும் சஹன் என்கிற பெரிய தட்டில் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். என் பக்கத்தில் நாசரின் அண்ணன் ஹாஜா. சவுதியிலிருந்து திரும்பி வந்து செல்போன் கடை வைத்திருந்தார். என் பங்கு தீரத் தீரக் கறியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து நாசரின் மனைவி ஜமீலாவின் குரல் எனக்கு இன்னும் கொஞ்சம் தால்ச்சா கொடுத்தனுப்பியது. ஈப்போவில் பிரியாணி என்ற பெயரில் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. விளைவு, அடுத்த இரண்டு நாள் வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டே திருவையாறு போனேன். நாசர் விடவில்லை. அசோகா அல்வா தின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று வைத்தியம் சொன்னான். இலையில் சூடாக வந்தது. நெய் விரலில் வழிந்தது. வயிறு சரியாகவில்லை, ஆனால் அல்வாவைக் குறை சொல்லமாட்டேன். காவிரியில் அப்போது தண்ணீர் இல்லை. படித்துறையில் நின்று பார்த்தால் மணலும் நாணலும், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடுகிற நீரும்தான்.

வரும் வழியில் ஒரு வாய்க்காலைக் காட்டுவதாக வண்டியை நிறுத்தினான். பாலத்துக்கு அந்தப் பக்கம் கெண்டையும் கெளுத்தியும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பயிருக்கு அடிக்கிற மருந்தை ஊற்றி யாரோ மீன் அள்ளியிருக்கிறார்கள். பெரியதை எடுத்துக்கொண்டு பொடியை விட்டுப்போயிருந்தார்கள். நாசர் கெட்டவார்த்தை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "இவனுவளுக்கு ஒரு கம்பு வெட்டித் தூண்டி போட ஒடம்பு வணங்கல பாருங்கண்ணே" என்றான்.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில்தான் தூண்டில் போடுவதாக இருந்தோம். புது நரம்பைச் சுற்றிக் கம்பும் தயாராக இருந்தது. மடையோரம் தண்ணீர் சற்று ஆழமாகத் தேங்கி நின்றது. அதில் சிவப்பாக ஒரு கூட்டம் மேலே வந்து வந்து கொப்புளித்துப் போயிற்று. விரால் குஞ்சு. விரல்நுனி அளவு இருக்கும், நூற்றுக்கணக்கில். கீழே நிழலாகத் தாயும் தகப்பனும். குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் தவளையைப் போட்டால் பெரிய மீன் பசியில்லாவிட்டாலும் கோபத்தில் வந்து கவ்வும். விராலைப் பிடிக்க அதைவிட சுலபமான வழி இல்லை. எங்கள் ஊரில் பெரிய பெரிய ஆட்கள் படகில் போய் இதைத்தான் செய்கிறார்கள், புகைப்படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நாசர் தூண்டிலைச் சுருட்டிவிட்டான். "குஞ்சோட நிக்கிதுண்ணே. இதத் தூக்கிட்டா சாயங்காலத்துக்குள்ள அம்புட்டையும் கொக்கு தின்னுடும். வாங்க, கொள்ளிடம் போவோம்."

இதைப் பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அந்த மடையில் விரால் குஞ்சு பொரிக்காமல் இருந்திருந்தால், அல்லது நாசர் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால்.

கொள்ளிடத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றது. எங்கள் பக்கத்தில் இவ்வளவு அகலமான ஆறு கிடையாது. எதிர்க்கரை ஒரு பச்சைக்கோடு. நடுவில் மணல்வெளி, அதில் லாரிகள் எறும்பு மாதிரி வரிசையாக. பொக்லைன் ஒன்று தூரத்தில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கரைப்பக்கம் தண்ணீர் தேங்கி, பச்சை கலந்த பழுப்பில், அசையாமல் கிடந்தது. அந்த நிறம் எனக்குத் தெரிந்த நிறம். ஈயக்குட்டையின் நிறம்.

"நாசர், இங்க தோண்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"அது அங்கிட்டுண்ணே. இது எங்க எடம். சின்னப்புள்ளையில அக்கரைக்கு நடந்தே போவோம், முட்டளவுதான் தண்ணி. கைலியத் தூக்கிக் கட்டிட்டுப் போனா நனையாது."

நான் ஒரு வேலமர நிழலில் உட்கார்ந்துகொண்டேன். வயிறு இன்னும் சரியில்லை. நாசர் கரையில் நின்று தூண்டில் வீசினான். ஒரு நடுத்தரக் கெண்டை வந்தது. முள்ளை நனைந்த கையால் கழற்றி, "இது சின்னது" என்று திரும்ப விட்டான். பிறகு ஒரு கெளுத்தி. மூன்றாவது முறை நரம்பு அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. இப்படி இழுத்தான், அப்படி இழுத்தான், வரவில்லை. கம்பு வில்லாக வளைந்தது. நரம்பு அசையவில்லை.

"அறுத்து விட்டுடு" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். என் கொள்கையெல்லாம் வயிற்றுவலியில் போய்விட்டிருந்தது.

சிரித்தான். "நீங்களா இப்புடிச் சொல்றீங்க? இத எங்க அறுக்குறது, இது அறுவுற நரம்பா? ஆத்துல விடக்கூடாதுண்ணே, எருமைங்க எறங்குற எடம். இந்தாங்க, இதப் புடிங்க, தொய்ய விட்டுடாதீங்க. நான் போயி எடுத்துட்டு வந்துர்றேன்."

"நாசர், தண்ணி ஆழம் தெரியாம இறங்காத."

"இது நம்ம ஊருக் குட்டை இல்லண்ணே, ஆறு" என்றான்.

ஈப்போவைத்தான் 'நம்ம ஊர்' என்றான். அங்கே தோண்டிய தண்ணீருக்குப் பயந்து கால் வைக்காமலே பல வருடம் கழித்தவன். ஆறு தோண்டப்படும் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. வெளிநாடு போய்விட்டு வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான். விட்டுப்போன இடத்தில் எல்லாம் விட்டுப்போனபடியே இருக்கும் என்று நம்புகிறார்கள்.

கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நரம்பைக் கையால் பிடித்தபடியே உள்ளே நடந்தான். கணுக்கால், முட்டி. திரும்பி என்னைப் பார்த்து, "சொன்னேன்ல" என்றான். அடுத்த அடியில் அவன் இல்லை.

கத்தவில்லை. கத்த நேரமில்லை. தண்ணீரில் ஒரு வளையம் மட்டும் விரிந்தது. அடுத்த கணம் என் கையிலிருந்த கம்பு ஒரு குலுக்கு குலுக்கியது. பின்னல் நரம்பு நீளாது என்றேன் அல்லவா, அதனால் அடியில் நடப்பதெல்லாம் அப்படியே கைக்கு வரும். அதற்காகத்தான் அதை விற்கிறோம். நாசர் இழுத்தான். நான் கம்பைப் போட்டுவிட்டு நரம்பையே இரண்டு கையாலும் பிடித்து என் பலம் முழுக்க இழுத்தேன். விரலில் அது எலும்பு வரை இறங்கியது. அவன் பக்கம் வரவில்லை, நரம்பும் அறவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக இழுத்தான். பிறகு நின்றது.

எனக்கு நீச்சல் தெரியாது. மீன்சாமான் கடைக்காரனுக்கு நீச்சல் தெரியாது என்பதை அதுவரை நான் ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் அலறல் கேட்டு லாரிக்கு மணல் அள்ளுகிற ஆள் ஒருவன் ஓடிவந்து குதித்தான். ஆழம் எட்டாமல் மேலே வந்தான். இரண்டாவது முறையும் முடியவில்லை. கரையேறி, "இங்க போன மாசம்தான் அள்ளினாங்க சார். கெணறு மாதிரி கெடக்கு" என்றான். தூரத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அவன் என்னைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து, ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மணல்வெளியில் ஒரு லாரிகூட இல்லை. பொக்லைனும் மேடேறிப் போயிருந்தது.

ஹாஜா ஊர் ஆட்களோடு வந்தார். தீயணைப்பு வண்டியும் வந்தது. வந்தவர்கள் கயிறு போட்டுத் துழாவினார்கள். அதில் அதிகாரி மாதிரி இருந்தவர், அடியில் முள்மரம் கிடப்பதாகவும் வெளிச்சம் போவதற்குள் கிடைக்காவிட்டால் நாளை காலைதான் என்றும் சொன்னார். ஹாஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரிக்குத் தண்ணியில விட்டுட்டு எப்புடி சார் வூட்டுக்குப் போவேன்? அவன் பொண்டாட்டிக்கி நான் என்னா சொல்லுவேன்?" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுததை யாரும் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

கீழே போட்ட கம்பைத் திரும்ப எடுத்தவன் நான் அதை விடவில்லை. கீழே வை, ஆஸ்பத்திரிக்குப் போ என்று யார் யாரோ சொன்னார்கள். விரல்களில் துண்டைச் சுற்றிவிட்டார்கள். தொய்ய விடாதீங்க என்று அவன் சொல்லியிருந்தான்.

அப்போதுதான் முருகையன் வந்தார். ஆற்றில் வலைவீசிப் பிழைக்கிறவர். ஆறு இப்படி ஆனபிறகு ஆட்களைத் தேடித்தரவும் கூப்பிடுகிறார்களாம். சட்டையைக் கழற்றியபடி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நரம்பு அறுந்துடுச்சுங்களா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப கெடச்சிருவாரு. நல்லா விறைப்பாப் புடிங்க."

நரம்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அதன் வழியே இறங்கினார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "மரத்துக்கு அடியில இருக்காரு பாய். கையில நரம்பு சுத்திக் கெடக்கு. ரெண்டு பக்கமும் அறுத்தாத்தான் ஆளு வரும். கத்தி குடுங்க" என்றார். என் பையில் நரம்பு வெட்டும் சின்னக் கத்தரி இருந்தது, பின்னல் நரம்புக்கென்றே செய்தது. அதைக் கொடுத்தேன். சற்று நேரத்தில் என் கையில் கம்பு லேசானது. இப்போதும் சில சமயம் கடையில் கம்பு எடுத்து வாடிக்கையாளரிடம் நீட்டும்போது அந்த லேசு கைக்கு வருகிறது.

பொழுது சாய்வதற்கு முன்னால் நாசரைக் கரையில் கிடத்தினார்கள். கைலி முட்டிக்குமேல் மடித்துக் கட்டியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் முடிந்து மறுநாள் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டும்போது மணிக்கட்டில் இறங்கியிருந்த நரம்பை ஹாஜாவே கத்தரித்து எடுத்தார். கபர்ஸ்தானில் எல்லாரும் மண் அள்ளிப் போட்டார்கள். கட்டுப்போட்ட கையால் நானும் போட்டேன். ஆற்று மணல் இல்லை, நல்ல களிமண். எனக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

கிளம்புகிற அன்று ஹாஜா என்னை உள்ளே கூப்பிட்டார். நாசரின் மனைவி ஜமீலா, கணவன் இறந்தபின் அனுசரிக்கிற இத்தாவில் இருந்தாள். வெளி ஆண்கள் முன் வரக்கூடாது. அறைவாசலில் திரை தொங்கியது. ஹாஜா பக்கத்தில் நின்றார். கல்யாணத்தன்று எனக்கு இன்னும் கொஞ்சம் தால்ச்சா கொடுத்தனுப்பிய குரல்தான், அடையாளமே தெரியவில்லை.

"அண்ணே, நரம்ப நீங்கதான் புடிச்சிருந்தீங்களாமே."

"ஆமாம்மா."

"அவங்க ரொம்ப நேரம் இழுத்தாங்களா?"

"இல்லம்மா. உடனே நின்னுபோச்சு" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. அதற்காக வருத்தமும் இல்லை.

பிறகு கேட்டாள். "அந்த நரம்ப முழுக்க எடுத்துட்டீங்களாண்ணே? ஆத்துல கெடந்தா அவங்களுக்குப் புடிக்காது. தெருவுல கெடந்தாக்கூட பொறுக்கிக்கிட்டு வருவாங்க."

இதற்கும் ஒரு பொய் வாய்வரைக்கும் வந்தது. முந்தின நாள் காலையில் நான் முருகையனைத் தேடிப்போயிருந்தேன். கரையில் நின்று பார்த்தோம். லாரிகள் திரும்ப வந்திருந்தன, பொக்லைன் சற்றுத் தள்ளி அடுத்த குழியை வெட்டிக்கொண்டிருந்தது. "மரத்துப் பக்கம் கெடக்குறத எடுக்க இனிமே யாரும் எறங்கமாட்டாங்க சார். நானும் எறங்கமாட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். நான் அவரை வற்புறுத்தவில்லை. ஒரு நரம்புக்காக ஒரு ஆள் இறங்கியது போதும்.

நாசர் விஷயத்தில் எனக்கு இதில் மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லம்மா, பாதி அங்கேயே இருக்கு. எடுக்க முடியல" என்றேன்.

திரை அசைந்தது.

"அது அறுந்து போகாதா?"

"போகாதும்மா" என்றேன்.